அரையாண்டில் கணக்கு 28: டியூஷனை மாற்றும் முன் விடைத்தாளைப் பாருங்கள்

வணக்கம் அம்மா,

உங்கள் செய்தியில் மூன்று கேள்விகள் இருந்தன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தம்பி கணக்கில் பாஸ் ஆவானா? இப்போதே டியூஷனை மாற்றிவிடலாமா? பேசாமல் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டால் கணக்குத் தொல்லை ஒழியுமா? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அரையாண்டு விடைத்தாளை முதலில் பார்த்துவிடுவோம். 28 என்ற எண்ணைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் பயந்திருக்கிறீர்கள். தாளை யாரும் திறந்து படித்ததாகத் தெரியவில்லை.

அந்த 28 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தேன். ஒரு மதிப்பெண் வினாக்களில் 14க்கு 7. இரண்டு மதிப்பெண் பகுதியில் 20க்கு 8. ஐந்து மதிப்பெண் பகுதியில் 50க்கு 9. கடைசியில் வடிவியலில் 8க்கு 2, வரைபடத்தில் 8க்கு 2. இந்தக் கடைசி இரண்டு கேள்விகளில் மட்டும் 12 மதிப்பெண் போயிருக்கிறது. பாஸ் ஆக அவனுக்கு வேண்டியது இன்னும் 7.

அந்த 12 போன விதத்தைச் சொல்கிறேன். வடிவியலில் தொடுகோடு வரையும் கணக்கு: 6 செ.மீ விட்டமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ தொலைவில் ஒரு புள்ளி, அங்கிருந்து இரண்டு தொடுகோடுகள். தம்பி காம்பஸில் 6 செ.மீ எடுத்து வட்டம் போட்டிருக்கிறான். விட்டத்தை ஆரமாக எடுத்துவிட்டான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மையக்குத்துக்கோடு சரி, நடுப்புள்ளியிலிருந்து போட்ட இரண்டாவது வட்டம் சரி, தொடுகோடுகளும் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. முறை முழுக்கத் தெரிந்திருக்கிறது. சரிபார்ப்பு என்று தனியாக எழுதும் பழக்கம் இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பான்: 8இன் வர்க்கம் 64, ஆரம் 3இன் வர்க்கம் 9, கழித்தால் 55, அதன் வர்க்கமூலம் சுமார் 7.4. அவன் அளந்து எழுதியிருப்பது 5.3. உதவிப்படமும் போடவில்லை. உதவிப்படத்தில் ‘3 செ.மீ’ என்று ஒரு முறை எழுதியிருந்தால் காம்பஸ் 6க்குப் போயிருக்காது.

வரைபடத்தில் y = x² + x − 2. அட்டவணையில் x = −3 என்று வரும் இடத்தில் x²க்குக் கீழே −9 என்று எழுதியிருக்கிறான். −2க்கு −4, −1க்கு −1. மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்பது கை தவறிவிட்டது. அதனால் வளைவரையின் வலது பக்கம் மேலே போகிறது, இடது பக்கம் கீழே இறங்குகிறது. x²க்கு முன்னால் பிளஸ் இருந்தால் பரவளையத்தின் இரண்டு கையும் மேலே பார்க்கத்தான் வேண்டும்; ஒரு கை இறங்கினால் அட்டவணையில் எங்கோ குறி தப்பு என்று அர்த்தம். இந்த ஒரு விஷயத்தை யாராவது அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், தன் தவறைத் தானே பார்த்துத் திருத்தியிருப்பான்.

ஐந்து மதிப்பெண் பகுதியில் பத்து கணக்கு எழுத வேண்டும். நாலு எழுதிவிட்டு மீதிப் பக்கங்களை அப்படியே விட்டிருக்கிறான். A×(B∩C) கணக்கில் இடப்பக்கம் முழுக்கச் சரி. வலப்பக்கத்தைத் தொடவே இல்லை. கேட்டுப் பாருங்கள், “டைம் இல்லை” என்பான். அது பாதி உண்மை. முதல் இரண்டு மதிப்பெண் வினாவில் அவன் அடித்து அடித்து எழுதியிருப்பதைப் பார்த்தால், அங்கேயே நிறைய நேரத்தைத் தின்றிருக்கிறான் என்று தெரிகிறது.

ஆகவே, டியூஷனை மாற்றாதீர்கள். அரையாண்டு முடிந்த பிறகு புது வாத்தியார் என்றால் அவர் முதல் அத்தியாயத்திலிருந்து தன் பாணியில் ஆரம்பிப்பார். திருப்புதல் தேர்வுகள் அதற்குள் வந்துவிடும். இப்போதைய டியூஷன் ஆசிரியரிடமே இந்த விடைத்தாளைக் கொடுத்து, “இவன் எங்கெங்கே விடுகிறான் என்று பார்த்து அதை மட்டும் எடுங்கள் சார்” என்று கேளுங்கள். காலாண்டுத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரே தவறு இரண்டு தாளிலும் இருந்தால் அதுதான் முதல் வேலை.

இந்தக் குறித் தவறுக்கும் பின்னக் கணக்குத் தடுமாற்றத்துக்கும் தம்பியை மட்டும் குறை சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. வகுத்தலும் பின்னமும் கை படிய வேண்டிய வயதில் இவர்கள் செல்போன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், அதுவும் போன் இருந்த வீடுகளில். அதனால் தினமும் கால் மணி நேரம் ஆறாம், ஏழாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து முழுக்களும் பின்னங்களும் மட்டும் போடச் சொல்லுங்கள். பத்தாவது படிக்கிற பையனுக்கு இது அவமானமாகப் படும். தங்கையோ தம்பியோ பார்க்காத நேரமாகப் பார்த்துக் கொடுங்கள்.

வினாத்தாளின் அமைப்பைப் பெற்றோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கணக்குக்குச் செய்முறை மதிப்பெண் கிடையாது. நூறும் எழுதித்தான் வாங்க வேண்டும். ஒரு மதிப்பெண் 14, எல்லாமே எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண்ணில் 14 கேட்டு 10 எழுதச் சொல்வார்கள். அதில் 28ஆம் எண் கட்டாய வினா. ஐந்து மதிப்பெண்ணிலும் 14க்கு 10. அங்கே 42ஆம் எண் கட்டாயம். எட்டு மதிப்பெண்ணில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, இரண்டிலும் ‘அல்லது’ உண்டு. மொத்தம் எட்டு அத்தியாயம். இத்தனை சாய்ஸ் இருப்பதால், வராத பகுதியைத் துணிந்து விடலாம் என்பது என் கருத்து. நூற்றுக்கு நூறு எடுக்கிற பிள்ளைக்கு இந்த யோசனை ஆகாது. உங்கள் பையனுக்கு இப்போது தேவை அதுதான்.

முதல் இரண்டு வாரம் வடிவியலும் வரைபடமும் மட்டும். வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து முக்கோணம் வரைவது, தொடுகோடு. வரைபடத்தில் நேர் மாறுபாடு, எதிர் மாறுபாடு, இருபடிச் சமன்பாடு. இவை எண்ணி முடிக்கக்கூடிய வகைகள். ஒவ்வொரு வகையிலும் நாலு கணக்கு கையால் வரைந்தால் போதும். பார்த்துப் படிப்பதில் பயனில்லை. வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதினானா, அச்சுகளுக்குப் பெயர் போட்டானா, தீர்வைத் தனியாக எழுதினானா என்று நீங்களே பார்க்கலாம். அதற்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை.

கூடவே ஒரு மதிப்பெண். பெரும்பாலும் பாடத்தின் பின்னால் இருக்கிற பலவுள் தெரிவு வினாக்களிலிருந்து வரும், சில உள்ளிருந்தும் கேட்பார்கள். விடையின் எழுத்தை மட்டும் போட்டுவிட்டு வருகிறான் தம்பி. குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதவும் என்று வினாத்தாளிலேயே இருக்கிறது.

பிறகு ஐந்து மதிப்பெண். என்னைக் கேட்டால் இந்த வரிசையில் போவேன்: கார்டீசியன் பெருக்கலைச் சரிபார்க்கும் கணக்கு; ஒரு சார்பை அம்புக்குறிப் படம், அட்டவணை, வரிசைச் சோடிகள், வரைபடம் என்று நாலு விதமாகக் காட்டுவது; அணிகளின் பெருக்கல்; திட்டவிலக்கம்; நாற்கரத்தின் பரப்பு; தேல்ஸ் தேற்றம். திட்டவிலக்கத்தில் கால்குலேட்டர் கிடையாது என்பதால் அட்டவணையில் ஒரு கூட்டல் தப்பினால் கடைசி வரை தப்பும். ஆனாலும் எழுதிய படிகளுக்கு மதிப்பெண் உண்டு. நாற்கரப் பரப்பில் புள்ளிகளை வரைந்து பார்த்து, கடிகார எதிர்த்திசையில் வரிசைப்படுத்திய பிறகே சூத்திரத்தில் போட வேண்டும். கொடுத்த வரிசையிலேயே போட்டுவிட்டு விடை வரவில்லையே என்று பிள்ளைகள் திணறுவதை அடிக்கடி பார்க்கிறேன். முக்கோணவியல் முற்றொருமை நிறுவல்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். அது அவனுக்கு வராது என்பதால் இப்படிச் சொல்லவில்லை. ஒன்றை நிறுவ ஆகும் நேரத்தில் அணிகளில் மூன்று கணக்கு முடித்துவிடலாம்.

பள்ளிகளில் மெல்லக் கற்போருக்கென்று ஒரு கையேடு கொடுப்பார்கள். எதைப் படிப்பது என்று தெரிந்துகொள்ள அது உதவும். அதில் உள்ள கணக்கை எண்ணோடு சேர்த்து மனப்பாடம் செய்கிற வழக்கம் மட்டும் வேண்டாம். தேர்வில் 5க்குப் பதில் 7 வந்தால் பையன் உட்கார்ந்துவிடுவான். மனப்பாடம் ஆகியிருக்கிறதா, புரிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி: நீங்களே ஒரு எண்ணை மாற்றிக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

தேர்வு நாளில், பத்து மணிக்கு வினாத்தாள் வந்ததும் படிக்கப் பத்து நிமிடம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10.15இலிருந்து 1.15 வரை எழுதும் நேரம். தம்பி ஒரு மதிப்பெண்ணை முடித்தவுடன் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் போகட்டும். கடைசி அரை மணி நேரத்தில் கை நடுங்கிக்கொண்டு காம்பஸ் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். பென்சிலைச் சீவி இரண்டாக வைத்துக்கொள்ளட்டும். காம்பஸின் திருகு லொடலொடக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். வரைந்துகொண்டிருக்கும்போது ஆரம் மாறிப்போய் அழுத பிள்ளைகள் உண்டு.

இனி பாலிடெக்னிக். கணக்குக்குப் பயந்து டிப்ளமோவில் சேர்த்தால் முதலாம் ஆண்டிலேயே கணிதத் தாள் காத்திருக்கும். ஐ.டி.ஐ. போனாலும் பணிமனைக் கணக்கு உண்டு. இன்று அவன் வெறுக்கிற அளவியல்தான் அங்கே பரப்பும் கன அளவுமாகத் திரும்ப வரும். நாளைக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதுகிறேன் என்றாலும், அதன் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கேள்விகள்: சதவீதம், வட்டி, விகிதம், நேரமும் வேலையும். பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் நல்ல வழிகள்தான். தம்பிக்கு இயந்திரங்களைப் பிரித்து மாட்டுவதில் ஆசை இருந்தால் நானே சொல்வேன், தாராளமாகச் சேருங்கள் என்று. கணக்கிலிருந்து தப்பிக்கும் கதவாக நினைத்துச் சேர்ப்பதுதான் கூடாது.

பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத குரூப்புகள் இருக்கின்றன. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் எடுத்துப் பின்னால் நன்றாக வந்தவர்கள் ஏராளம். பொறியியல் என்றால் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் கட்-ஆஃப் 200இல் 100ஐப் பிடித்துக்கொள்ளும். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50தான். பக்கத்து வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறார்கள் என்பதற்காக அவனை அதில் உட்காரவைத்தால் இன்னும் இரண்டு வருடம் இதே கடிதத்தை நீங்கள் எழுத வேண்டிவரும். ஆனால் குரூப் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம். “கணக்கில் இவ்வளவு வாங்கினால்தான் அந்த குரூப்” என்று சாப்பாட்டுத் தட்டு முன்னால் தினமும் சொல்வது, படிக்கிற இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ராத்திரி அவன் போட்ட ஒரு கணக்கை உங்களுக்கு வாயால் விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் “இது எப்படி வந்தது?” என்று உண்மையாகவே கேளுங்கள். சொல்லும்போது எங்கே தயங்குகிறானோ அங்கேதான் ஓட்டை. அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள்: அக்கா மகள் 97 வாங்கிய கதையைத் தேர்வு முடியும்வரை ஒத்திவையுங்கள்.

ஒன்று மட்டும் கவனமாகப் பாருங்கள். 36ஐ 63 என்று எழுதுவது, பலகையைப் பார்த்து எழுதும்போதே எண்கள் இடம் மாறுவது, எத்தனை முறை படித்தாலும் வாய்ப்பாடு நிற்காமல் போவது சின்ன வகுப்பிலிருந்தே உண்டு என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். கற்றல் குறைபாடாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் உடனே பேசுங்கள், ஏற்கனவே தாமதம். தம்பியின் தாளில் அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை, ஆனால் நான் பார்த்தது ஒரு தாள்தான்.

என் கணக்கு இப்படி: வடிவியல், வரைபடத்தில் 16க்கு 12 வந்தாலும், ஒரு மதிப்பெண்ணில் 9, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் ஆறு கணக்கு எழுதிப் பாதிப் பாதி வாங்கினாலும் 15. மொத்தம் 46. இதில் எதுவுமே அவனால் முடியாதது இல்லை. அப்படியும் கை நழுவினால், ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ துணைத்தேர்வு வரும். அதில் தேறி அதே வருடம் பதினொன்றில் சேரலாம். சந்தேகம் வந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் கேளுங்கள். துணைத்தேர்வு இருப்பதை அவனுக்குத் தேர்வுக்கு முன்பே சொல்லிவையுங்கள். சொன்னால் படிக்க மாட்டான் என்று பயப்படுகிறீர்கள், தெரியும். வழி ஒன்று திறந்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை தேர்வறையில் நிதானமாக எழுதும்.

முதல் திருப்புதல் தேர்வுத் தாள் கைக்கு வந்ததும் அனுப்புங்கள். இந்த முறை தம்பியே ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘குறி’, ‘நேரம்’, ‘தெரியாது’ என்று மூன்றில் ஒன்றை எழுதி அனுப்பட்டும். ‘தெரியாது’ எத்தனை என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.