வார்டிலிருந்து வண்டிக்கு: செவிலியர் கேள்விகளும் என் பதில்களும்

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மூர் செவிலியர்கள் பாராமெடிக் (ஆம்புலன்ஸில் வந்து சிகிச்சை கொடுப்பவர்) ஆவது பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. கேஷுவாலிட்டியில் நர்ஸாகத் தொடங்கி, இப்போது ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் என்பதால் என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐசியூவில் இருக்கிறேன். பாராமெடிக் ஆக இந்தியாவில் முதுநிலைப் படிப்பு உண்டா?

நர்ஸை நேராக பாராமெடிக் ஆக்கும் முதுநிலைப் படிப்பு என்று எனக்குத் தெரிந்து இங்கே எதையும் கைகாட்ட முடியாது. நாம் நர்சிங் கவுன்சிலுக்குக் கீழே வருகிறோம். எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட் (இங்கே பாராமெடிக்குக்கு அதுதான் பெயர்) என்பவர், துணை மருத்துவத் துறைகளுக்காக 2021இல் வந்த தனிச் சட்டத்துக்குக் கீழே வருகிறார். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் அந்தத் துறைக்கான படிப்பைப் புதிதாகப் படிக்க வேண்டும். கையில் பி.எஸ்சி. நர்சிங் இருக்கும்போது அது வீண் செலவு என்றுதான் சொல்வேன்.

நர்ஸாகவே இருந்துகொண்டு ஆம்புலன்ஸ் வேலைக்குத் தயாராக இரண்டு படிப்புகள் உதவும். ஒன்று, எமர்ஜென்சி அண்ட் டிசாஸ்டர் நர்சிங்கில் போஸ்ட் பேசிக் டிப்ளமோ, ஒரு வருடம். மற்றது நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர், மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே படிக்கும் இரண்டு வருட முதுநிலை ரெசிடென்சி. பின்னது பெரிய படிப்புதான், ஆனால் அது ஐசியூவை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. ரோட்டில் வேலை செய்யத்தான் ஆசை என்றால் டிப்ளமோவே போதும், மிச்ச நேரத்தை வண்டியில் செலவிடுங்கள்.

நான் ஜி.என்.எம்., அதாவது பட்டமில்லாமல் நர்சிங் டிப்ளமோ முடித்தவள். எனக்கு?

மேலே சொன்ன ஒரு வருட டிப்ளமோவுக்குத் தடையில்லை. நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு பி.எஸ்சி. வேண்டும், அதனால் முதலில் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.

வென்டிலேட்டர், ஐனோட்ரோப் (இதயத் துடிப்பை வலுப்படுத்தும் மருந்து) எல்லாம் கைவந்த விஷயம். ஆம்புலன்ஸில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. கேட்டவர் எல்லோருமே ஐசியூக்காரர்கள்!

ஐசியூவில் நோயாளி உங்களிடம் வரும்போதே ஒரு பெயர், ஒரு ஃபைல், ஒரு டயக்னோசிஸ் இருக்கும். ஓசூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தவருக்கு அதெல்லாம் கிடையாது. வண்டியை விட்டு இறங்கியதும் ஆளைத் தொடுவதற்கு முன் சுற்றிப் பார்க்க வேண்டும்: பெட்ரோல் கசிகிறதா, பின்னால் லாரி வருகிறதா, இன்னும் எத்தனை பேர் அடிபட்டிருக்கிறார்கள். நல்ல ஐசியூ நர்ஸ் இங்கேதான் தடுமாறுவார், நேராக நோயாளியிடம் ஓடிவிடுவார். பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது முதல் வேலை, அப்புறம்தான் மூச்சுப்பாதை. கை காலில் ரத்தம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்தும் இறுக்கப் பட்டை) கட்டிவிட்டு, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள்.

அடுத்தது, எதைச் செய்யாமல் விடுவது என்ற முடிவு. உள்ளே ரத்தம் கசிபவருக்கு ரோட்டோரத்தில் இரண்டாவது ஐவி லைன் தேடிக்கொண்டு நிற்பதில் லாபம் இல்லை. லைனை ஓடும் வண்டியில் போடலாம். அவருக்கு வேண்டியது ஆபரேஷன் தியேட்டர். நெஞ்சுவலிக்காரர் விஷயம் வேறு: இருந்த இடத்திலேயே 12 லீட் ஈசிஜி எடுத்துப் பார்த்தால்தான் எந்த மருத்துவமனைக்குப் போவது என்றே முடிவெடுக்க முடியும். ஈசிஜியில் எஸ்டி எலிவேஷன் (பெரிய மாரடைப்பின் அறிகுறி) தெரிந்தும், கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் கூடம்) இல்லாத பக்கத்து நர்சிங் ஹோமில் இறக்கிவிட்டு வந்தால், அங்கிருந்து மறுபடி ஒரு ஆம்புலன்ஸ் தேட வேண்டும்.

பிறகு கணக்கு. சுவரில் ஆக்சிஜன் வரும் இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு சிலிண்டர் தீரும் என்பதே மறந்துபோயிருக்கும். நிறைந்த பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர். நான்-ரீப்ரீதர் மாஸ்க்கில் (ஆக்சிஜன் பை வைத்த முகமூடி) நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் 100 நிமிடம். மாலை ஆறு மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டிப் போகிற வண்டியில், பாதி தீர்ந்த சிலிண்டரோடு ஏறினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஷிஃப்ட் தொடங்கியதும் நான் முதலில் பார்க்கச் சொல்வது பிரஷர் கேஜைத்தான்.

டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார், போனில் இருப்பார். 108 போன்ற சேவையில் அவரை ஈஆர்சிபி (அவசர அழைப்பு மைய டாக்டர்) என்பார்கள். நீங்கள் பார்த்ததை அரை நிமிடத்தில் அவர் கண் முன்னால் நிறுத்தும்படி சொல்லத் தெரிய வேண்டும். அதற்கும் பயிற்சி வேண்டும்.

பிரிட்டனில் நர்ஸாக என்எம்சி (அங்குள்ள நர்சிங் கவுன்சில்) பதிவு வாங்கிவிட்டால் பாராமெடிக்காகவும் வேலை செய்யலாமா?

முடியாது. அங்கே பாராமெடிக் என்பது சட்டம் காக்கும் பதவிப்பெயர். ஹெச்சிபிசி (பாராமெடிக் போன்றவர்களைப் பதியும் கவுன்சில்) பதிவு இல்லாமல் அப்படிச் சொல்லிக்கொள்வதே குற்றம். ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்காகச் சில பல்கலைக்கழகங்கள் இரண்டு வருட எம்.எஸ்சி. நடத்துகின்றன, முடித்தால் ஹெச்சிபிசிக்கு விண்ணப்பிக்கலாம். பெயரில் பாராமெடிக் இருக்கும் எல்லா எம்.எஸ்சி.யும் இப்படியல்ல. ஏற்கெனவே பாராமெடிக் ஆனவர்களுக்கான மேற்படிப்பும் உண்டு. ‘ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் படிப்பு ஹெச்சிபிசி பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கன்சல்டன்சி ஆள் வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அங்கே ஆம்புலன்ஸ் ஓட்ட சி1 லைசென்ஸ் (காரைவிடக் கனமான வண்டிக்கானது) கேட்பார்கள். கார் ஓட்டத் தெரியாத தங்கைகள் காரை இங்கேயே ஓட்டிப் பழகிக்கொள்வது நல்லது. வண்டியில் ஏறியே ஆக வேண்டும் என்றில்லை என்றால், அரசு ஆம்புலன்ஸ் சேவை நடத்தும் டிரஸ்டுகள் போனில் நோயாளியை மதிப்பிடும் வேலைக்கு நர்ஸாகவே ஆள் எடுக்கின்றன.

ஆஸ்திரேலியா?

2018 டிசம்பர் முதல் அங்கேயும் பாராமெடிக்குக்குத் தேசியப் பதிவு கட்டாயம். மருத்துவத் தொழில்களைப் பதியும் அப்ரா என்ற அமைப்பிடம் நர்ஸுக்கு ஒரு வாரியம், பாராமெடிக்குக்கு வேறொரு வாரியம். படிப்பு அந்த வாரியம் ஏற்ற பட்டியலில் இருக்க வேண்டும். மற்றபடி பிரிட்டனுக்குச் சொன்னதேதான்.

ஏசிஎல்எஸ் (இதயம் நின்றவரைக் காப்பாற்றும் மேல்நிலைப் பயிற்சி) கார்டு இருந்தால் போதுமா?

நுழையலாம், அவ்வளவுதான். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்டுகள் இரண்டு வருடத்தில் காலாவதியாகும். பிஎல்எஸ் (அதன் அடிப்படைப் பயிற்சி), ஏசிஎல்எஸ் முடித்தவர்கள் அடுத்து ஐடிஎல்எஸ் அல்லது பிஹெச்டிஎல்எஸ் போங்கள். ரோட்டில் விபத்தைக் கையாள்வதற்கென்றே வந்த பயிற்சிகள் அவை.

தமிழ்நாடு கவுன்சில் பதிவுதான் இருக்கிறது. கன்னடமும் அரைகுறை. பெங்களூரில் ஆம்புலன்ஸ் வேலைக்குப் போக என்ன செய்வது?

பதிவைக் கர்நாடக கவுன்சிலுக்கு மாற்றிவிடுங்கள், சென்னையிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வர நாளாகும், இப்போதே எழுதிப் போடுங்கள். கன்னடம் இலக்கணமாக வர வேண்டாம். “எல்லி நோவு?” என்று கேட்டுவிட்டு, வரும் பதில் புரிந்தால் சரி. கூடவே கொஞ்சம் இந்தி, கட்டட வேலைக்கு வந்தவர்களுக்காக.

வீட்டில் ஆம்புலன்ஸ் வேலை என்றாலே வேண்டாம் என்கிறார்கள். சம்பளமும் குறைவாமே?

பெரிய தனியார் ஐசியூவோடு ஒப்பிட்டால் பல இடங்களில் குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. அதனால் வேலையை விட்டுவிட்டு இறங்காதீர்கள். உங்கள் மருத்துவமனையிலேயே நோயாளியை இடம் மாற்றும் வண்டி இருக்கும். அந்த டிரிப்புகளுக்குப் பெயர் கொடுங்கள், சில மாதம் போய்ப் பாருங்கள். ஓடும் வண்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் வாந்தி வருகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஆம்புலன்ஸ் நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனால் இரவில் எத்தனை பேர் வண்டியில் இருப்பார்கள், விபத்துக் காப்பீடு யார் பெயரில், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அழைப்பு வந்தால் ஓவர்டைம் உண்டா, இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.