எக்ஸ்ரே எடுத்த பசுவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது, கதிர் சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டதா?

கேள்வி: மூன்றாம் ஈத்து ஜெர்சி கலப்பினப் பசு, கன்று போட்டு 20 நாள். வழுக்கி விழுந்ததால் பின்னங்காலில் எக்ஸ்ரே எடுத்தோம். மூன்றாம் நாளிலிருந்து சிறுநீர் காப்பி நிறத்தில் வருகிறது. கதிரால் சிறுநீரகம் கெட்டிருக்குமா? பாலைக் குடிக்கலாமா?

பதில்: எக்ஸ்ரே மேல் பழி போடாதீர்கள் ஐயா. கதிரை கிரே என்ற அளவில் அளப்பார்கள்; காலுக்கு எடுக்கும் படத்தில் விழும் கதிர் ஒரு சில மில்லிகிரேதான். சிறுநீரகம் கெட வேண்டுமானால் அதன் மேலேயே பல கிரே விழவேண்டும். ஒரு கிரே என்றால் ஆயிரம் மில்லிகிரே. நாய்க்குப் புற்றுநோய்க் கதிர் சிகிச்சை கொடுக்கும்போதுதான் அந்தக் கவலை வரும். அப்படிக் கெட்டாலும் மூன்றே நாளில் வெளியே தெரியாது. மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சிறுநீரில் புரதம் ஒழுகும், ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் என்ற கழிவுகள் ஏறும், ரத்தசோகை வரும். சிறுநீரகத்தில் அழிந்த வடிகட்டிகள் திரும்ப முளைக்காது. எலிகளில் செய்த ஆய்வுகளில் கேப்டோபிரில் போன்ற ரத்த அழுத்த மருந்துகள் அந்தச் சிதைவைத் தாமதப்படுத்தின, அவ்வளவுதான்.

சரி, உங்கள் மாட்டுக்கு வருவோம். கொஞ்சம் சிறுநீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, ஆடாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்தால் அது ரத்தம். சிறுநீர்ப் பாதையில் எங்கோ கசிவு. படியாமல் ஒரே நிறமாக நின்றால், பெரும்பாலும் ரத்த அணுக்கள் உடைந்து வருகிறது. காய்ச்சல் 104 டிகிரிக்கு மேல் இருந்து, உடம்பில் உண்ணியும் இருந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகிக்கலாம். காய்ச்சலே இல்லையென்றால், கன்று போட்ட மூன்றாவது வாரம் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைவின் மேல்தான். வெறும் வைக்கோலில் நிற்கும் கறவைகளுக்கு இது வரும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, ரத்தப் பரிசோதனை செய்தே ஊசி போடவேண்டும். உடைந்த அணுக்களிலிருந்து வரும் ஹீமோகுளோபினே சிறுநீரகத்தை அடைத்துவிடும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு இன்றே போன் போடுங்கள். தண்ணீர் தாராளமாக வையுங்கள்.

இன்னொன்று: கால் வலிக்கு என்ன ஊசி போட்டார்கள்? தண்ணீர் குடிக்காத மாட்டுக்கு வலி மருந்தும் சிறுநீரகத்தைப் பிடிக்கும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துக்கு மாட்டில் 2006-லேயே தடை. அந்த மருந்து போட்டு இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்துதான் செத்தன.

எக்ஸ்ரே பாலில் எதையும் விட்டுவைக்காது. ஆனால் போட்ட ஊசிகள் பாலில் இறங்கும், அதனால் எத்தனை நாள் பாலை ஒதுக்கவேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.