நூறில் எத்தனை பேர்? கணவன் செய்யும் வன்முறையைக் கணக்கெடுப்பது எப்படி

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்றை நடத்துகிறோம். காவல் நிலையத்தில் விசாரித்தால் குடும்ப வன்முறைப் புகார்கள் வருடத்துக்குப் பத்தோ பதினைந்தோதான் என்கிறார்கள். தேசிய ஆய்வு தமிழ்நாட்டில் 38 சதவீதம் என்கிறது. எதை நம்புவது? எங்கள் ஒன்றியத்துக்கு நாங்களே கணக்கெடுக்கலாமா?

பதில்: காவல் நிலையத்தில் இருப்பது படியேறி வந்த பெண்களின் கணக்கு. அடி வாங்கியவர்களின் கணக்கு வேறு. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டுப் போனவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை. உதவி கேட்டவர்களும் பெரும்பாலும் போனது பிறந்த வீட்டுக்கு. மகளிர் காவல் நிலையம் வரை வந்த மனுக்களிலும் பல, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி அனுப்புவதோடு முடிந்துவிடுகின்றன. பொறுமையாகக் கேட்கும் காவல் ஆய்வாளர் ஒருவர் மாற்றலாகி வந்தால் புகார் கூடும். அதைப் பார்த்து ஊரில் வன்முறை கூடிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

அந்த 38.1 சதவீதத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். 18 முதல் 49 வயது வரை உள்ள, எப்போதாவது திருமணமான பெண்களில், கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் ஒரு முறையாவது அனுபவித்தவர்களின் பங்கு அது. இந்திய அளவில் 29.3, கர்நாடகத்தில் 44.4. அறுபது வயது அம்மா இதில் இல்லை. திருமணம் ஆகாமல் காதலனிடம் அடி வாங்கும் பெண்ணும் இல்லை. முக்கியமாக, இது இந்த வருட நிலவரம் இல்லை. வாழ்நாள் கணக்குக்கும் கடந்த 12 மாதக் கணக்குக்கும் வித்தியாசம் பெரிது. உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டுக்குத் தந்த உலக மதிப்பீட்டில் முதலாவது 27 சதவீதம், இரண்டாவது 13. உங்கள் ஒன்றியத்தில் எத்தனை பேருக்கு இப்போது உதவி தேவைப்படும் என்று திட்டமிட, 12 மாதக் கணக்குதான் வேண்டும்.

இன்னொன்று. தேசிய ஆய்வு இந்தக் கேள்விகளை மாதிரியில் வந்த எல்லா வீடுகளிலும் கேட்பதில்லை, ஒரு பகுதி வீடுகளில்தான் கேட்கிறது. அதனால் மாநில அளவில் மட்டுமே சதவீதம் கிடைக்கும், மாவட்ட அளவில் கிடைக்காது. “நம் மாவட்டத்தில் இத்தனை சதவீதம்” என்று யாராவது தேசிய ஆய்வின் பெயரைச் சொல்லிப் பேசினால், எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள்.

சரி, நீங்களே எடுப்பதென்றால் முதல் வேலை கேள்வித்தாள். “உங்கள் கணவர் உங்களிடம் வன்முறையாக நடந்துகொள்கிறாரா?” என்று கேட்டால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். “அதெல்லாம் இல்லைங்க, கோபம் வந்தா கை நீட்டுவார், அவ்வளவுதான்” என்ற பதில் ‘இல்லை’ என்று பதிவாகும். குறிப்பிட்ட சில காரணங்களுக்காக மனைவியை அடிக்கலாம் என்று அதே தேசிய ஆய்வில் 45 சதவீதப் பெண்களே ஒப்புக்கொண்டார்கள். அப்படி நினைப்பவர் தனக்கு நடப்பதை வன்முறை என்று எப்படிச் சொல்வார்? அதனால் செயலைச் சொல்லிக் கேட்க வேண்டும். பிடித்துத் தள்ளினாரா, எதையாவது தூக்கி எறிந்தாரா, கன்னத்தில் அறைந்தாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா, கழுத்தை நெரித்தாரா, சூடு வைத்தாரா, விருப்பமில்லாதபோது உறவுக்குக் கட்டாயப்படுத்தினாரா என்று ஒவ்வொன்றாக. அமெரிக்கச் சமூகவியலாளர் மர்ரே ஸ்ட்ராஸ் 1979இல் வெளியிட்ட அளவுகோலிலிருந்து வளர்ந்த முறை இது. தேசிய ஆய்வும் இதன் திருத்திய வடிவத்தையே பயன்படுத்துகிறது. ஒவ்வொரு ‘ஆம்’ பதிலுக்கும், கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை என்று கேளுங்கள். ஒரே ஒரு தள்ளலும் வாராவாரம் விழும் உதையும் ஒரே சதவீதத்துக்குள் கலந்துவிடக் கூடாது. இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு: செயலை எண்ணும், அதன் பின்னால் இருக்கும் பயத்தை எண்ணாது. “அவரைப் பார்த்துப் பயப்படுகிறீர்களா?” என்ற கேள்வியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பாதுகாப்பு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும்; மாமியாரிடமும் மருமகளிடமும் கேட்டால் விஷயம் வீட்டுக்குள்ளேயே பரவிவிடும். தனிமை கிடைக்காவிட்டால் இந்தப் பகுதியைக் கேட்காமலே எழுந்துவிடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்தால், தடுப்பூசி, குழந்தை உணவு என்று பேச்சை மாற்ற ஒரு பொய்க் கேள்வித்தாள் கையில் இருக்கட்டும். ஆய்வின் பெயரிலும் வன்முறை என்ற சொல் வேண்டாம். இலங்கையில் 2019இல் நடந்த தேசிய ஆய்வுக்குப் பெயர் பெண்களின் நல்வாழ்வு ஆய்வு. கேட்கப் போகிறவர் பெண்ணாக, வேற்றூர்க்காரராக இருக்க வேண்டும். குழுவில் கடன் வசூலிக்கும் அக்காவே வந்து கேட்டால் யார் சொல்வார்கள்? 181 மகளிர் உதவி எண், ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் ஆகிய மூன்றிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். சொல்லிவிட்டு அழும் பெண்ணை அப்படியே விட்டுவிட்டு வருவதானால் அந்த ஆய்வே வேண்டாம்.

யாரிடம் கேட்பது? உங்கள் உறுப்பினர்களிடம் மட்டும் கேட்டால் அது உறுப்பினர்களின் கணக்குதான். கூட்டத்துக்குப் போகவே அனுமதிக்கப்படாத பெண் அதில் வரமாட்டார், பெரும்பாலும் அவர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர். வீடுகளின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுங்கள். 400 பேர் என்றால் கிடைக்கும் சதவீதம் உண்மை நிலவரத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து சதவீதப் புள்ளி மேலே கீழே இருக்கலாம். சில ஊர்களை மட்டும் தேர்ந்து, அங்கே பலரைக் கொத்தாக எடுத்தால் அதே துல்லியத்துக்கு 600 முதல் 800 பேர் வரை வேண்டியிருக்கும்.

எப்படிக் கேட்டாலும் சிலர் மறைப்பார்கள். அதனால் கிடைக்கும் எண்ணைக் குறைந்தபட்சம் என்றே எழுதுங்கள். வயது வரம்பு, வாழ்நாளா 12 மாதமா, எந்தெந்தச் செயல்கள் என்பதையெல்லாம் அதன் பக்கத்திலேயே போடுங்கள். ஊர்வாரியாக மட்டும் வெளியிட வேண்டாம். இருபது பேரிடம் கேட்ட சிற்றூரில் மூன்று பேர் என்று எழுதினால், அந்த மூவர் யார் என்று மறுநாளே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.