ஹர்லிங்கும் தடையும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தில் மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங் ஆட்டத்தைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். அதை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் தன் உறுப்பினர்கள் பிரிட்டிஷ் ஆட்டங்களான ரக்பி, கால்பந்து, கிரிக்கெட் ஆடக்கூடாது, வேடிக்கை பார்க்கவும் போகக்கூடாது என்று 1971 வரை தடை வைத்திருந்ததாம். வெறுப்பில் வளர்ந்த விளையாட்டைப் பண்பாடு என்று எப்படிக் கொண்டாடுவது?

க.

அன்புள்ள க.,

தடை இருந்தது உண்மை. கேலிக்கூத்தாகவும் ஆனது. டக்ளஸ் ஹைட் ஐரிஷ் மொழியை மீட்கப் பாடுபட்டவர், நாட்டின் முதல் ஜனாதிபதி, சங்கத்தின் புரவலர். 1938இல் போலந்துடன் நடந்த கால்பந்துப் போட்டிக்கு ஜனாதிபதி என்ற முறையில் போனார். அதற்காக அவரையே புரவலர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்! இன்னொரு வேடிக்கை, 1884இல் தர்லஸ் என்ற ஊரில் சங்கத்தைத் தொடங்கிய மைக்கேல் கியூசாக்கே ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடியவர்.

ஆனால் தடைதான் ஆட்டத்தை வளர்த்தது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வளர்த்தது ஊர்ப்பாசம். அங்கே பெரும்பாலும் பிறந்து வளர்ந்த ஊருக்கும் மாவட்டத்துக்கும்தான் ஆடுவார்கள், பெரிய அணி காசு கொடுத்து ஆளை இழுத்துப்போவது கிடையாது. சம்பளமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை 82,000 பேர் முன்னால் இறுதிப் போட்டி ஆடுகிறவர் வாத்தியாராகவோ விவசாயியாகவோ இருப்பார், விடுமுறை முடிந்ததும் அந்த வேலைக்குத்தான் திரும்புவார்.

அந்த மைதானம் டப்ளினில் உள்ள குரோக் பார்க். அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது, 1920 நவம்பர் 21 அன்று, காலையில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் கொல்லப்பட்டதற்குப் பழியாக, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டிஷ் படைகள் உள்ளே புகுந்து சுட்டன. 14 பேர் செத்தார்கள். ஒருவர் டிப்பரரி அணியின் மைக்கேல் ஹோகன். இன்றும் ஒரு பார்வையாளர் மாடத்துக்கு அவர் பெயர்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தடையை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது.

அப்புறம் 2007 பிப்ரவரி 24. ரக்பி மைதானத்தைப் புதிதாகக் கட்டுவதற்காக மூடியிருந்ததால், இங்கிலாந்து ரக்பி அணி அதே குரோக் பார்க்குக்கு அயர்லாந்துடன் ஆட வந்தது. பிரிட்டிஷ் ராணி வாழ்த்துப் பாடல் ஒலிக்கும்போது கூட்டம் என்ன செய்யுமோ என்று ஊரே பதறியது. வீடியோ கிடைக்கிறது, பாருங்கள். ஒரு கூச்சல் இல்லை, முடிந்ததும் கைதட்டல். ஆட்டத்தில் மட்டும் அயர்லாந்துக்காரர்கள் 43–13 என்று சாத்திவிட்டார்கள். ஒருவேளை அதுதான் சரியான பதிலோ என்னவோ.

ஹர்லிங்கை 2018இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அதைவிட அந்த மட்டைதான் பெரிய விஷயம். ஆஷ் மரத்தின் அடித்தூரில், தண்டு வேராகத் திரும்பும் இடத்தில் அறுப்பார்கள். மரத்தின் ரேகையே வளைந்து மட்டையின் அகன்ற முனைக்குள் ஓடும், அதனால்தான் எளிதில் உடையாது. இப்போது ஒரு பூஞ்சை நோய் ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. மூங்கில் மட்டைகள் களத்துக்கு வந்துவிட்டன. மூங்கில் ஐரிஷ் மரம் இல்லை, க.

அன்புடன்,
ஆசிரியர்