ஸ்டீல் கிதார் ஆம்ப்புக்கு மாற்று ஸ்பீக்கர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தந்திமேல் இரும்புப் பாரை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிதாரை இசைப்பவர்கள் நம் செட்டிநாட்டுப் பக்கம் சொற்பம்தான். ஆனாலும் கல்யாண மெல்லிசை, திருவிழா மேடை, தேவாலயப் பாடல்குழு என்று அந்தக் கருவி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) ஸ்பீக்கர் போய்விட்டால் எதைப் போடுவது என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. வந்த கடிதங்களில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பெடல் ஸ்டீல் வாசிக்கிறேன். ஆம்ப் பீவி நாஷ்வில் 400. கச்சேரி நடுவில் ஸ்பீக்கர் காயில் எரிந்துவிட்டது. கடையில் 15 இன்ச், 8 ஓம், 500 வாட் பி.ஏ. (மேடை ஒலியமைப்பு) ஸ்பீக்கர் காட்டி, "வாட் அதிகம், இனிமேல் எரியவே எரியாது" என்கிறார்கள். வாங்கலாமா ஐயா? – தேவகோட்டை வாசகர்

வாங்காதீர்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது மேல்சுரத்துக்கான கூம்பும் (ஹார்ன்) அடிச்சுரத்துக்கான ஊஃபரும் அடுக்கிய மேடைப் பெட்டிக்குச் சரி. உங்கள் கருவிக்குச் சரிவராது.

முதலில் ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. உங்கள் ஆம்ப் 4 ஓம் ஸ்பீக்கரை வைத்து சுமார் 200 வாட் தரும்படி செய்யப்பட்டது. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் 8 ஓம் போட்டால் எதுவும் எரியாது, ஆனால் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். சாதாரண கிதார்காரருக்கு அது பெரிய நஷ்டமில்லை. ஸ்டீல்காரருக்கு நஷ்டம். மீட்டும்போது வால்யூம் பெடலைப் பாதியில் வைத்திருந்து, தந்தியின் சத்தம் தேயத் தேயக் காலை அழுத்திக்கொண்டே போகிறீர்கள். அந்த நீண்ட நாதம் அப்படித்தான் பிறக்கிறது. பெடலை முழுதாக அழுத்திய நிலையில் ஒரு தந்தியை மீட்டிவிட்டால் சட்டென்று பெரிய அலை ஒன்று ஆம்ப்புக்குள் போகும். அதை ஒலி கிழியாமல் (டிஸ்டார்ட் ஆகாமல்) கொடுக்க ஆம்ப்பில் கையிருப்பு வேண்டும். ஓம் மாறினால் அந்தக் கையிருப்பில்தான் கை வைக்கிறோம்.

அடுத்தது சென்சிட்டிவிட்டி. அட்டையில் வாட்டைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், இதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். நீங்கள் முதலில் படிக்க வேண்டியது சின்ன எழுத்தைத்தான். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதே அந்த எண். 97 என்று எழுதிய ஸ்பீக்கரையும் 100 என்று எழுதியதையும் எடுத்துக்கொள்ளுங்கள். 97-லிருந்து அதே சத்தம் வர இரண்டு மடங்கு சக்தி வேண்டும். ஆக, 97 டெசிபெல் உள்ள 500 வாட் ஸ்பீக்கரை உங்கள் 200 வாட் ஆம்ப்பில் மாட்டினால், 100 டெசிபெல் உள்ள 250 வாட் ஸ்பீக்கரைவிடச் சத்தம் குறைவாகத்தான் கேட்கும். 500 என்பது அந்தக் காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான எண். எவ்வளவு பாடும் என்பதற்கு அது சாட்சி இல்லை.

மூன்றாவது, பி.ஏ. ஊஃபரின் மேல்சுரம். மேல் அலைவரிசைகளைப் பக்கத்திலுள்ள கூம்பு பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் கோனை, அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் காகிதத் திரையை, கனமாகச் செய்திருப்பார்கள். உங்கள் பெட்டியில் கூம்பு கிடையாது. 12-ஆம் கட்டத்துக்கு மேலே பாரை நகர்த்தும்போது போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

சரி, எதை வாங்குவது? உங்கள் ஆம்ப்போடு வந்தது பிளாக் விடோ 1501-4. அதில் ஒரு வசதி உண்டு: காந்தத்தைத் திருகு கழற்றித் தனியாக எடுக்கலாம்; கோன், காயில், சட்டம் மூன்றும் சேர்ந்த பகுதியை மட்டும் புதிதாக மாட்டலாம். அது கிடைத்தால் முதல் தேர்வு அதுவே. இல்லையென்றால் எமினென்ஸ் நிறுவனம் பெடல் ஸ்டீலுக்கென்றே செய்யும் இபிஎஸ்-15சி: 15 இன்ச், 4 ஓம். இரண்டையும் சென்னை ரிச்சி தெருவில் அலைந்து தேடுவதைவிட, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவைப்பது எளிது. நம் ஊரில் அப்படி ஒருவர் இல்லாத வீடு அபூர்வம்.

பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஸ்பீக்கர் ஏன் எரிந்தது என்று பாருங்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால் ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம் நேராகக் காயிலுக்குப் போகும். புதிய ஸ்பீக்கரும் ஒரு நிமிடத்தில் புகையும். ஸ்பீக்கர் மாட்டாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கர் ஒயரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை டி.சி. அளவில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. பல வோல்ட் காட்டினால் முதலில் ஆம்ப்பைப் பழுது பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருந்த ஓம் அழிந்துபோய்விட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது? – பள்ளத்தூர் வாசகர்

ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். மீட்டர் காட்டுவது எழுதிய எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். 3-லிருந்து 3.5 வரை காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர். 5.5-லிருந்து 6.5 வரை என்றால் 8 ஓம். முள் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்திருக்கிறது.

எங்கள் தேவாலயத்தில் ஸ்டீல் கிதாருக்குப் பழைய ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் இருக்கிறது. இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கரில் ஒன்று கரகரக்கிறது. லீட் கிதார் வாசிக்கும் தம்பி செலெஸ்டியன் கிரீன்பேக் போடச் சொல்கிறார். ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா? அல்லது இரண்டையும் எடுத்துவிட்டு ஒரு 15 போடலாமா? – புதுவயல் வாசகர்

தம்பி சொல்வது அவருடைய வாசிப்புக்கு நல்ல ஸ்பீக்கர். ஆனால் கிரீன்பேக் ஒன்று தாங்குவது 25 வாட், இரண்டு சேர்ந்து 50. ட்வின் தருவது 85. அதோடு, சத்தம் கூடக் கூட இனிமையாகக் கிழிய வேண்டும் என்றே செய்யப்பட்ட ஸ்பீக்கர் அது. ராக் இசைக்கு அந்தக் கிழிசல் உயிர். ஸ்டீலுக்கு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கோடு முழுவதும் ஒரே தெளிவோடு கேட்க வேண்டும். கிழிசல் வந்தால் அந்தக் கோடு நடுவில் அறுந்துபோகும்.

ஒன்றை மட்டும் மாற்றலாம், நல்ல நிலையில் இருப்பதோடு அது பொருந்தினால். 8 ஓமாக இருக்க வேண்டும். ட்வினில் இரண்டு 8 ஓம் இணையாகச் சேர்ந்து 4 ஓம் ஆகிறது. சென்சிட்டிவிட்டியிலும் பெரிய வித்தியாசம் கூடாது. இருந்தால் சத்தமெல்லாம் ஒரு பக்கத்திலிருந்தே வரும். முனை பார்ப்பது இன்னும் முக்கியம். ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் மைனஸ்ஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு கோனும் ஒரே திசையில் நகர வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்பில் பிளஸ் வைத்தால் கோன் உள்ளே போகும். பெரும்பாலான மற்றவற்றில் வெளியே வரும். ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் போகிற இணைப்பில் அடிச்சுரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். "புது ஸ்பீக்கர் போட்டும் பேஸ் வரவில்லை" என்று வருகிற ஆம்ப்களில் முதலில் நான் பார்ப்பது இதைத்தான்.

15 இன்ச் விஷயம்: உங்கள் பாடல்குழுவில் வாசிப்பது இ9 டியூனிங்கில் (தந்திகளின் சுருதி அமைப்பு) என்றால் அடித்தந்தி 123 ஹெர்ட்ஸ் பக்கம்தான், 12 இன்ச் தாராளம். சி6 டியூனிங் வைத்திருந்தால் அடித்தந்தி 65 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். பின்பக்கம் திறந்த பெட்டியில் 12 இன்ச்சுக்கு அது கஷ்டம், 15 நன்றாகத் தாங்கும். ஆனால் ட்வின் பெட்டியில் 15-க்கான துளை வெட்டாதீர்கள். பழைய ஆம்ப்பின் பலகையை வெட்டினால் திரும்ப வராது. தனிப் பெட்டி செய்து, 4 ஓம் 15 இன்ச் ஒன்றைப் போட்டு, உள்ளே இருக்கும் இரண்டுக்கும் பதிலாக அதை இணைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும் ஸ்பீக்கர் மாட்டாமல் ட்வின் போன்ற வால்வு ஆம்ப்பை ஓட்டக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். மேலே டி.சி. பார்க்கச் சொன்னேனே, அது டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு மட்டும்.

புது 15 இன்ச் ஸ்பீக்கர் கடையில் பிரமாதமாக இருந்தது. வீட்டுப் பட்டாலையில் வைத்து வாசித்தால் காதைக் கிழிக்கிறது, அடிச்சுரம் குழம்புகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா? – கானாடுகாத்தான் வாசகி

கொடுக்க வேண்டாம் அம்மா. ஸ்பீக்கரை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், உயரமான மேல்தளம். ஒலியை வாங்கிக்கொள்ள ஒரு துணித்திரைகூட இல்லாத அழகு நம் வீடுகளுடையது. பட்ட ஒலி அத்தனையும் திரும்பி வரும்.

15 இன்ச் ஸ்பீக்கர் மேல்சுரங்களை நேர்முன்னே மட்டும், குறுகலாக அனுப்பும். நீங்கள் கருவிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆம்ப் தரையில் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மேல்சுரம் உங்கள் இடுப்பு உயரத்தில் போய்விடுகிறது, காதுக்கு வருவதில்லை. மந்தமாக இருக்கிறதே என்று ட்ரெபிளைத் திருப்புகிறீர்கள். எதிரே உட்கார்ந்தவருக்கும் எதிர்ச்சுவருக்கும் அது முழுதாகப் போய், சுவரில் அடித்து உங்களுக்குத் திரும்புகிறது.

ஆம்ப்பை ஒரு முக்காலியில் ஏற்றி, முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி பின்னுக்குச் சாய்த்து வையுங்கள். மூலையிலிருந்து வெளியே இழுங்கள். இரண்டு சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிச்சுரம் ஊதிப் பெருக்கும். ஆம்ப்புக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே தரையில் கனமான ஜமக்காளம் விரியுங்கள். வளவுப் பக்கம் முகம் திருப்பி வைத்தால் இன்னும் நல்லது, திறந்த வானத்துக்குப் போன ஒலி திரும்பி வராது. இவ்வளவும் செய்தபின் ட்ரெபிளைப் பாதிக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் வாசியுங்கள். புதுக் கோன் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், வாசிக்க வாசிக்க இளகும்.

கோட்டு வாத்தியத்துக்குப் பிக்கப் ஒட்டி வாசிக்கிறேன். ஸ்டீல் கிதார் ஸ்பீக்கர் பொருந்துமா? – காரைக்குடி வாசகர்

காரைக்குடி சகோதரர்களின் வீணை ஒலித்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது எனக்கு மகிழ்ச்சி. இரண்டும் தந்திமேல் கட்டையையோ இரும்பையோ வழுக்கி வாசிப்பவை என்பதால் தெளிவுக்கான தேவை ஒன்றுதான். ஆனால் கோட்டு வாத்தியத்தில் கீழே ஓடும், மீட்டாமலே உடன் அதிர்ந்து ஒலிக்கும் துணைத் தந்திகளின் மினுக்கம் வெகு உயரத்தில் இருக்கிறது. எந்த 15 இன்ச் கோனும் தனியாக அங்கே எட்டாது. 12 இன்ச்சோடு சிறு கூம்பும் சேர்ந்த பெட்டியை எடுங்கள். ஸ்டீல் ஸ்பீக்கரை வாங்காதீர்கள்.

எங்கள் ஐயா மலேசியாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் ஜேபிஎல் டி130 இருக்கிறது. கோன் கிழிந்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார்கள். – கோட்டையூர் வாசகர்

தூக்கிப் போட வேண்டாம். 1940-களின் பிற்பகுதியில் வந்த அந்த 15 இன்ச் ஸ்பீக்கரின் குரலை ஸ்டீல்காரர்கள் தலைமுறைகளாகத் தேடி வாங்கியிருக்கிறார்கள். 4 இன்ச் அகலமுள்ள காயில், அல்நிகோ காந்தம், நடுவில் அலுமினிய மூடி. மேல்சுரத்தின் மினுமினுப்பில் பெரும் பங்கு அந்த மூடிக்கு உண்டு.

இரண்டு கையின் விரல்களாலும் கோனை நடுவைச் சுற்றிச் சமமாக அழுத்தி மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். உரசல் சத்தம் இல்லை, மீட்டரில் ஓம் சரியாக வருகிறது என்றால் காயில் நலம். விரல் நீளத்துக்குள் உள்ள கிழிசலை மெல்லிய டிஷ்யூ காகிதமும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் வைத்து இருபுறமும் ஒட்டலாம். செலோ டேப் மட்டும் வேண்டாம், வெயிலில் பசை இளகிக் கோனோடு அடித்துக்கொள்ளும்.

காயில் உரசினாலோ எரிந்திருந்தாலோ கோன் மாற்ற வேண்டும். செய்பவரிடம் முதல் கேள்வியாக அலுமினிய மூடி போடுவாரா என்று கேளுங்கள். காகித மூடி போட்டால் சட்டமும் காந்தமும் மட்டும் ஜேபிஎல்லாக இருக்கும், குரல் வேறாகிவிடும். சரியான பாகம் கிடைக்கும்வரை தூசி படாமல் துணி சுற்றி வைத்திருங்கள், அவசரம் எதுவும் இல்லை. சரியான பின்னும் 200 வாட் ஆம்ப்பில் இதை மாட்டி முழுச் சத்தத்துக்குத் திருப்பாதீர்கள். சிறிய வால்வு ஆம்ப்போடு சேர்த்து வாசியுங்கள்.

பார்சலில் அனுப்புவதாக இருந்தால் பெட்டியிலிருந்து கழற்றி, ஸ்பீக்கரின் முகத்தை ஒரு பிளைவுட் பலகையில் வைத்து துளைகளில் போல்ட் போட்டு இறுக்கி, பிறகு அட்டைப்பெட்டியில் வையுங்கள். காந்தம் கனம். முகம் இறுக்கப்படாமல் போனால் வழியில் ஒரு விழுதலிலேயே சட்டம் கோணிக் காயில் உரச ஆரம்பித்துவிடும்.