ஈ. கோலை நாக்அவுட் தொகுப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் ஒரு மரபணுவை நீக்கினால் (இதுதான் நாக்அவுட்) ஒரு ஸ்ட்ரெயின், அதாவது ஒரு தனி வகை. இப்படி ஏறக்குறைய எல்லா மரபணுவுக்கும் செய்து வைத்ததுதான் ஜப்பானில் உருவாகி 2006-ல் வெளியான கெய்யோ தொகுப்பு. அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

அக்கா, இத்தனை மரபணுவையும் எப்படி நீக்கினார்கள்? (எம்.எஸ்சி. மாணவி)

சூட்சுமம் பிரைமரில் இருக்கிறதும்மா. டி.என்.ஏ.-வைப் பெருக்கும் பிசிஆர் முறைக்குத் தொடக்கம் தரும் குட்டி டி.என்.ஏ. துண்டுதான் பிரைமர். ஒரு முனையில் 50 எழுத்து, நீக்க வேண்டிய மரபணுவின் ஓரத்தோடு பொருந்தும். மறுமுனையில் 20 எழுத்து, கனமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுவைப் பிடிக்கும். பிசிஆரில் வந்த துண்டை எலக்ட்ரோபொரேஷன் (மின் அதிர்ச்சி) மூலம் செல்லுக்குள் அனுப்பினால், லாம்டா என்ற வைரஸின் ரெட் புரதங்கள் அசல் மரபணுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகிவிடும். கனமைசின் தட்டில் முளைப்பதைப் பொறுக்க வேண்டியதுதான்.

நீக்க முடியாதவை எல்லாம் உயிருக்கு அத்தியாவசியமா, மேடம்?

முயன்ற 4,288 மரபணுக்களில் 3,985 நீங்கின, 303 நீங்கவில்லை. அந்த 303-ஐ அத்தியாவசியம் என்று "சந்தேகிக்கலாம்", அவ்வளவுதான். சோதித்தது சத்து நிறைந்த வளர்ப்பு ஊடகத்தில் என்பதையும் மறக்காதீர்கள்.

ஒரு ஸ்ட்ரெயின் மட்டும் மருந்துக்குச் சட்டென்று சாகிறது. கட்டுரை எழுதலாமா? (ஆய்வு மாணவர்)

பொறுங்கள் தம்பி. ஒவ்வொரு நீக்கத்துக்கும் தனித்தனியாக எடுத்த இரண்டு ஸ்ட்ரெயின்கள் தொகுப்பில் உண்டு. முதலில் இரண்டாவதிலும் பாருங்கள். அப்புறம் பிசிஆர். பலர் செருகிய இடத்தின் ஓரங்களை மட்டும் சோதித்து, பட்டை (ஜெல்லில் தெரியும் டி.என்.ஏ. கோடு) சரியான இடத்தில் வந்ததும் திருப்தியாகிவிடுகிறார்கள். அது போதாது. சில செல்களில் அந்தப் பகுதியே இரட்டிப்பாகியிருக்கும்: ஒரு பிரதியில் கனமைசின் எதிர்ப்பு மரபணு, இன்னொன்றில் அசல் மரபணு பத்திரமாக. ஓரப் பட்டை அப்போதும் சரியாகத்தான் வரும். மரபணுவின் உள்ளே பொருந்தும் பிரைமர் போட்டால்தான் குட்டு உடையும். 2009-ல் தொகுப்பை உருவாக்கிய அதே குழு மறுபரிசோதனை செய்து, இப்படிப்பட்டவற்றைப் பட்டியலிட்டிருக்கிறது. அதைத் தாண்டினால், பி1 ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) மூலம் நீக்கத்தைப் புதிய தாய் ஸ்ட்ரெயினுக்கு மாற்றுங்கள். பிளாஸ்மிடில் (செல்லில் தனியே இருக்கும் வட்ட டி.என்.ஏ.) அசல் மரபணுவைத் திருப்பிக் கொடுத்துக் குணம் மாறுகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் இல்லாமல் அனுப்பினால் நடுவர் எப்படியும் கேட்பார்.

இரண்டாவது மரபணுவையும் நீக்க வேண்டும். கனமைசின் எதிர்ப்பு மரபணு ஏற்கெனவே இருக்கிறதே?

பிசிபி20 பிளாஸ்மிடை ஏற்றுங்கள். அதிலுள்ள எஃப்எல்பி நொதி அந்த எதிர்ப்பு மரபணுவை வெட்டியெறிந்துவிடும். 37 டிகிரிக்கு மேல் வளர்த்தால் பிளாஸ்மிடும் கழன்றுவிடும்.

ஈஸ்டுக்கும் இதுபோல் ஒரு நாக்அவுட் தொகுப்பு உண்டே, அதில் என்ன விசேஷம்?

ஒவ்வொரு ஸ்ட்ரெயினுக்கும் அடையாளம் காட்டும் 20 எழுத்து டி.என்.ஏ. பார்கோடு உண்டு. ஆயிரக்கணக்கானவற்றை ஒரே குடுவையில் கலந்து வளர்த்து, எது குறைந்தது என்று பார்கோடை எண்ணியே சொல்லிவிடலாம். ஈ. கோலைக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பொறாமைதான்.