முறுக்கிக்கொண்டு நிற்கும் சுவர்

கேள்வி: ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள யூத ஜெப ஆலயத்தைப் படத்தில் பார்த்தேன். சுவர் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. கட்டும்போது பிசகிவிட்டதா? ஜன்னலும் கண்ணில் படவில்லையே?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பிசகு இல்லை அம்மா. 30 வருடம் கட்டட வேலை பார்த்தவன் நான். அந்த மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, இதைக் கட்டிய கொத்தனார்களைக் கும்பிடத் தோன்றியது.

எல்பே ஆற்றை ஒட்டிய அந்த மனை நீளமானது, குறுகலானது. மனையின் போக்கு ஒரு பக்கம், தொழுகைத் திசையான கிழக்கு வேறு பக்கம். வாண்டல், ஹோஃபர், லோர்ஷ், ஹிர்ஷ் ஆகிய கட்டடக்கலைஞர்கள் சுவரையே திருப்பிவிட்டார்கள். கட்டிகளின் அடி வரி, அதாவது கீழ் அடுக்கு, மனையை ஒட்டிப் போகிறது. அதன்மேல் ஒவ்வொரு வரியும் சில சென்டிமீட்டர் திரும்பி உட்கார்கிறது. இப்படி 30-க்கும் அதிகமான வரிகள். சுமார் 24 மீட்டர் உயரத்தில் கட்டடம் கிழக்கு பார்த்துவிடுகிறது. கல் போலத் தெரிபவை, ஊரின் பழைய மணற்கல் நிறத்தில் வார்த்த கான்கிரீட் கட்டிகள். நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வழியில்லாத சுவர் இது. ஒரு வரியில் கணக்குத் தப்பினால் அதற்கு மேலே எல்லாமே தப்பும்.

சரி, ஜன்னல். வெளிச்சம் கூரை வழியாக இறங்குகிறது. உள்ளே பொன்னிற உலோக வலைத் திரை கூடாரம் போலத் தொங்குகிறது. பாலைவனத்தில் அலைந்த காலத்தில் யூதர்களின் முன்னோரான இஸ்ரவேலர் தொழுதது கூடாரத்தில்தானே! வெளியே அசையாத கான்கிரீட், உள்ளே காற்றுக்கு ஆடும் போலிருக்கும் திரை. எனக்கு முறுக்குச் சுவரைவிட இதுதான் அதிகம் பிடித்தது.

இன்னொன்று படத்தில் தெரிந்திருக்காது. காட்ஃப்ரீட் செம்பர் வடிவமைத்து 1840-இல் திறந்த பழைய ஆலயம் இங்கேதான் இருந்தது. 1938 நவம்பர் 9 இரவு நாஜிகள் அதை எரித்தார்கள். புதிய ஆலயம் திறக்கப்பட்டது 2001-இல், அதே நவம்பர் 9 அன்று. பழைய கட்டடம் நின்ற அளவை முற்றத்தில் உடைந்த கண்ணாடித் துண்டுகளால் குறித்திருக்கிறார்கள். ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைக் கண்ணாடிகள் நொறுக்கப்பட்ட இரவு அல்லவா அது.

அந்தப் பழைய ஆலயத்தின் உச்சியில் இருந்த, யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரம் ஒன்றை ஆல்ஃப்ரெட் நாய்கெபாவர் என்ற தீயணைப்பு வீரர் எடுத்து ஒளித்து வைத்தார். போர் முடிந்த பிறகு யூதர்களிடமே திருப்பிக் கொடுத்தார். இன்று ஆலயத்துக்குள் போகும் எல்லோரும் அதன் கீழேதான் நுழைகிறார்கள்; அதை வாசலுக்கு மேலே பதித்திருக்கிறார்கள்.